நில்

பள்ளிப்பட்டு சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் மிஷின் ஒன்று, நான் ஒருத்தி.
சூடானால் மிஷினை நிறுத்தி வைப்பேன்.
என்னை நிறுத்த ஆளில்லை.
அதனால் தரிசு தேடுகிறேன்.

ஆற்றைத் தாண்டி, நகரி மூக்கு தெரிகிற மேட்டில்
ஸ்ரீ பாலாம்பிகா நகர்.
தொண்ணூற்று மூன்றில் கூறுபோட்டது.
மாதம் நூற்றைம்பது, அறுபது மாதம்,
முதல் தவணைக்கு எவர்சில்வர் குடம்.
நூற்றெட்டு மனை. வீடு ஒன்றுகூட இல்லை.
முப்பதடிச் சாலை என்று வரைபடம் சொல்கிற இடத்தில்
வேலிக்காத்தான் குடியிருக்கிறது
பத்திரம் இல்லாமல்.

மாம்பழக்கூழ் கம்பெனிக்கு குடோன் கட்ட வேண்டுமாம்.
அந்தப் பக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும்
முனிரத்தினம் நாயுடுவிடம் இருப்பது ஒரே கேள்வி:
"அம்முதாரா?"
விற்பார்களா என்று அர்த்தம்.
எங்கள் பக்கம் அம்மு என்றால் செல்லப் பெண்.
மூன்று கிலோமீட்டருக்குள்
ஒரு சொல் இப்படிக் கைமாறிவிடுகிறது.

வேண்டிய நிலத்துக்காரன் வரப்பிலேயே நிற்பான்.
வேண்டாத நிலத்துக்காரனைத்தான்
ஊர் ஊராகக் கிளற வேண்டும்.
எழுபது கடிதம் போட்டேன்.
விலாசதாரர் இல்லை என்று திரும்பியவை பதினாறு.
பெரம்பூரில் ஒருவர்:
கடுதாசி போடாதே தேசம்மா,
மனை வாங்கியது வீட்டுக்குத் தெரியாது,
பதினோரு மணிக்கு மேல் போன் பண்ணு.
அண்ணன் தம்பி மூன்று பேர்.
மற்ற ரெண்டு பேரும் போட்டால் நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்று
மூன்று பேருமே சொன்னார்கள்.
இன்னொருவர் குடத்தை இன்னும் வைத்திருக்கிறார்,
மனையைத்தான் மறந்துவிட்டார்.

நாற்பத்தொன்றுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்.
நில் என்று வந்தது.
கடன் இல்லை, வழக்கு இல்லை, கைமாற்றம் இல்லை.
இத்தனை வருஷம் யாரும் தொடாததற்கு
சர்க்கார் வைத்திருக்கும் பெயர் அது.
தமிழாக வாசித்தால் அதுவே ஓர் உத்தரவு.
நிலமும் அப்படியே நின்றிருக்கிறது.

பத்திரத்தில்:
மைனர் கமலவேணி என்கிற அம்மு, வயது ஏழு,
கார்டியன் தகப்பனார் ஏகாம்பரம்,
பவர்லூம் மேஸ்திரி, பொதட்டூர்பேட்டை.
நாயுடு எட்டிப் பார்த்துச் சிரித்தார்:
"பேர்லயே இருக்கே!"

அந்த ஏழு வயது
திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசராக
போனை எடுத்தது.
"என் பேர்லயா?"
"உங்க பேர்லதான்."
"தேதி என்ன போட்டிருக்கு?"
"தொண்ணூத்தெட்டு ஆகஸ்ட். கடைசித் தவணை கட்டின மாசம்."
கொஞ்ச நேரம் தையல் மிஷின்கள் மட்டும் பேசின.
"அவர் எங்களை விட்டுப் போனது தொண்ணூத்தாறுங்க."

தரகு பேசுகிறவளிடம்
இந்த இடத்துக்கு ஒரு வாக்கியம் இருந்திருக்க வேண்டும்.
என்னிடம் சதுரடி விலைதான் இருந்தது.
அதையே சொன்னேன்.

சரி என்றாள். ஒருநாள்தான் லீவு என்றாள்.
நிலத்தைப் பார்க்க வேண்டாமா என்றதற்கு
கல் இருக்கா என்று மட்டும் கேட்டாள்.
இருக்கிறது.
ஒன்று மண்ணுக்குள், நான்கு வெளியே.

கைரேகை மிஷின் அவள் விரலை மூன்று முறை மறுத்தது.
துணி தடவித் தடவித் தேய்ந்த விரல்.
நான்காவதில் ஏற்றுக்கொண்டது.
நாயுடு டிராஃப்டைக் கொடுத்துக் கை நீட்டினார்.
தாய்ப்பத்திரம் வாங்குகிறவருக்குப் போக வேண்டும்,
அது வழக்கம்.
கொடுக்கப் போனவள்
ரோட்டைக் கடந்து என் கடைக்கு வந்தாள்.

"கடைசிப் பக்கம் மட்டும் ஒரு காப்பி."

கடைசிப் பக்கத்தில் நான்கெல்லை இல்லை,
நீள அகலம் இல்லை.
ஓரத்தில் நீல மையில், கோணலாக:
மைனருக்காக, கோ. ஏகாம்பரம்.

மிஷின் சூடாகத்தான் இருந்தது.
நிறுத்தவில்லை.
இரண்டு ரூபாய் கொடுத்தாள்.
வாங்கிக்கொண்டேன்.